பெறுநர்

எனக்கும் கடலுக்கும் உள்ள சம்பந்தம் மிகக் குறைவு. மெரினாவுக்குப் போனாலும் அலை காலைத் தொடாத தூரத்தில் துண்டை விரித்து உட்காருகிற ஜாதி நான். என் நாவல் ஒன்றில் கதாநாயகனைப் பினாங்குக்கு அனுப்ப வேண்டி வந்தபோதுகூட, அவனைத் துறைமுகத்தில் கப்பலேற்றிவிட்டு, அடுத்த அத்தியாயத்தில் பினாங்கில் இறக்கிவிட்டேன். நடுவில் இருந்த வங்காள விரிகுடாவை ஒரே வரியில் தாண்டியாயிற்று. அப்படிப்பட்டவனிடம்தான் ஒரு கப்பல் கம்பெனிக்கு மனு எழுதித் தரும் வேலை வந்து சேர்ந்தது.

2020-ஆம் வருஷம், ஜூலை மாதம். கொரோனாவுக்குப் பயந்து தெருவே கதவைச் சாத்திக்கொண்டிருந்த நாட்கள். மாடி வீட்டு டீச்சர் இறங்கி வந்து, உள்ளே வராமல், வாசல் திண்ணைக்கு அப்பால் நின்றார். டீச்சர் தூத்துக்குடிக்காரர். முப்பத்திரண்டு வருஷம் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்து ரிடையர் ஆனவர். கையில் ஒரு முழுத்தாள். பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதப் பழக்குவார்களே, அந்த முறைப்படி இடது பக்கம் ‘அனுப்புநர்’ என்று எழுதி, கீழே தம் பெயரும் விலாசமும் எழுதியிருந்தார். அதற்குக் கீழே ‘பெறுநர்’ என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தார். அடிக்கோட்டின் கீழே ஒன்றும் இல்லை.

“நீங்க பத்திரிகையில எழுதுறவங்க ஸார். ஒரு மனு எழுதித் தரணும். இங்கிலீஷ்ல இருக்கணும். விஷயத்தை நான் சொல்லிடுவேன். யாருக்கு எழுதுறதுன்னுதான் தெரியலை” என்றார்.

விஷயம் இதுதான். டீச்சருடைய ஒரே பையன் ஒரு பெட்டிக் கப்பலில் மூன்றாம் இன்ஜினீயர். கன்டெய்னர் என்று சொல்கிறோமே, அந்த இரும்புப் பெட்டிகளைச் சுமக்கிற கப்பல். 2019 அக்டோபரில் சிங்கப்பூரில் ஏறினான். ஒப்பந்தம் ஆறு மாதம். ஏப்ரலில் இறங்கியிருக்க வேண்டும். ஏப்ரலில் எந்தத் துறைமுகமும் மாலுமியைக் கரையில் கால் வைக்க விடவில்லை. பெட்டிகள் இறங்கின, பெட்டிகள் ஏறின. மனிதன் மட்டும் இறங்கக் கூடாது. இதற்கிடையில் டீச்சரின் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, வாரம் மூன்று தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டிய நிலை. பையன் வந்து அப்பாவைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் மனு.

“கப்பலுக்கு உடையவர் யாரோ அவருக்கு எழுதிவிட்டால் போகிறது” என்றேன், பெரிய மேதாவி மாதிரி. எங்கள் பக்கத்தில் உடையவர் என்றால் ஸ்ரீராமானுஜர். அவர் கோபுரத்தில் ஏறி நின்று எல்லாருக்கும் கேட்கும்படி பேசினவர். கப்பலின் உடையவர் அப்படியல்ல என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒன்பது நாட்கள் பிடித்தன.

பையனிடம் டெலிபோனில் கேட்டோம். கப்பலின் பக்கவாட்டில் ஆள் உயரத்தைப் போல் பல மடங்கு பெரிய எழுத்தில் ஒரு கம்பெனியின் பெயர் எழுதியிருந்தது. அவர்கள்தான் உடையவர் என்று நினைத்து விலாசத்தைத் தேடி எடுத்தேன். “அவங்க இல்லை அங்கிள்; அவங்க வாடகைக்கு எடுத்திருக்காங்க” என்றான் பையன். சரி, பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது? மன்ரோவியா. அது லைபீரியாவின் தலைநகரம். கப்பல் லைபீரியாவுக்குச் சொந்தமா? இல்லை, கொடி மட்டும். பின்னே சொந்தக்காரர்? மார்ஷல் தீவுகளில் பதிவான ஒரு கம்பெனி. அந்தக் கம்பெனிக்கு இந்த ஒரு கப்பலைத் தவிர உலகத்தில் வேறு ஆஸ்தி கிடையாது. அதற்கு ஒரு விலாசம் இருந்தது. அதே விலாசத்தில் இன்னும் ஆயிரக்கணக்கான கம்பெனிகள் குடித்தனம் செய்கின்றன. கப்பலை நடத்துகிறவர்கள் சைப்ரஸில். ஆள் பிடித்துக் கொடுக்கிறவர்கள் பம்பாயில். (யாருடைய பெயரையும் இங்கே சொல்லப் போவதில்லை. சொன்னால் அவர்களில் ஒருவர், ‘அது நாங்கள் இல்லை’ என்று ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவார். அநேகமாக அவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும்.)

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்று ஆராய்ந்ததில், ஆரம்பம் கொஞ்சம் வேடிக்கையாகவே இருந்தது. 1922-ல் அமெரிக்காவில் மதுவிலக்கு. அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பலில், நடுக்கடலானாலும் சரி, மது விற்கக் கூடாது என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. ‘ரிலையன்ஸ்’, ‘ரெசல்யூட்’ என்று இரண்டு பெரிய பிரயாணிக் கப்பல்கள். மது இல்லாவிட்டால் பிரயாணி வேறு நாட்டுக் கப்பலுக்குப் போய்விடுவான். முதலாளி என்ன செய்தார்? கொடியை இறக்கிவிட்டுப் பனாமாவின் கொடியை ஏற்றினார். கப்பல் அதே, முதலாளி அதே, தேசம் மட்டும் வேறு. குடிக்கிறவர்களுக்காகச் செய்த காரியம் பிறகு கூலிக்கும் வரிக்கும் சட்டத்துக்கும் பயன்படும் என்று மற்றவர்கள் கண்டுகொண்டார்கள். 1948-ல் லைபீரியாவும் இந்த வியாபாரத்தில் இறங்கியது. அதற்குத் திட்டம் போட்டுக் கொடுத்தவர் அமெரிக்காவின் வெளிநாட்டு மந்திரியாக இருந்து விலகிய ஸ்டெட்டினியஸ். லைபீரியாவின் கப்பல் பதிவை நடத்துகிற காரியாலயம் இருப்பது ஆப்பிரிக்காவில் அல்ல. வாஷிங்டனுக்குப் பக்கத்தில், வர்ஜீனியாவில். கடலே இல்லாத மங்கோலியாகூடக் கப்பல்களுக்குக் கொடி கொடுக்கிறது. இதை டீச்சரிடம் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு வரவில்லை. “அப்ப வர்ஜீனியாவுக்கும் ஒரு நகல் அனுப்பணுமா ஸார்?” என்றுதான் கேட்டார்.

இந்தப் பெட்டியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மால்கம் மக்லீன் என்று வட கரோலினாவில் ஒரு லாரி முதலாளி. லாரியிலிருந்து மூட்டையை இறக்கி, துறைமுகத்தில் அடுக்கி, மறுபடி தூக்கிக் கப்பலில் அடுக்குவதற்குப் பதிலாக, லாரியின் பெட்டியையே தூக்கிக் கப்பலில் வைத்தால் என்ன என்று அவர் நினைத்தார். 1956 ஏப்ரல் 26-ஆம் தேதி ‘ஐடியல் எக்ஸ்’ என்ற பழைய எண்ணெய்க் கப்பலின் முதுகில் 58 பெட்டிகளை ஏற்றி, நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். அதுவரை ஒரு டன் சரக்கை ஏற்ற 5 டாலர் 86 சென்ட் ஆயிற்று. பெட்டியில் போட்டதும் சுமார் 16 சென்ட் ஆகிவிட்டது. நம் வீட்டில் இருக்கிற மிக்ஸி, டெலிபோன், குழந்தையின் பொம்மை எல்லாம் இந்த வித்தியாசத்தில்தான் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. நான் அதைக் குறை சொல்லத் தயாராயில்லை. அனுபவித்துக்கொண்டே குறை சொல்வது அழகல்ல.

ஆனால் பெட்டி வந்ததும் மூட்டை சுமந்தவர்கள் துறைமுகத்திலிருந்து போனார்கள். மாலுமிக்கு ஊர் போயிற்று. அந்த நாளில் ஒரு சரக்குக் கப்பல் துறைமுகத்துக்கு வந்தால் வாரக் கணக்கில் நிற்கும். மாலுமி ஊருக்குள் வருவான், சண்டை போடுவான், சினிமா பார்ப்பான், கடிதம் போடுவான். இப்போது நானூறு மீட்டர் நீளக் கப்பல்கூட ஓரிரு நாளில் காரியத்தை முடித்துக்கொண்டு போய்விடுகிறது. துறைமுகமே ஊருக்கு எங்கோ வெளியில். அவ்வளவு பெரிய கப்பலில் இருப்பவர்கள் இருபது, இருபத்தைந்து பேர். ஒரு கல்யாணத்தில் ஒரு பந்திக்குக்கூடக் காணாது.

“என்ன சரக்குத் தம்பி ஏற்றிக்கொண்டு போகிறீர்கள்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“பெட்டி அங்கிள்.”

“பெட்டிக்குள்ளே?”

“ஆபத்தான சரக்குன்னா பட்டியல் வரும். மத்தது நமக்கு எதுக்கு?”

கடலோடு எனக்குச் சம்பந்தம் இல்லை என்று மேலே சொன்னேன். அதில் ஒன்றை மறைத்திருக்கிறேன். 2018-ல் என் பெண்ணும் மாப்பிள்ளையும் சிங்கப்பூரிலிருந்து நான்கு இரவு உல்லாசக் கப்பலில் என்னை அழைத்துப் போனார்கள். மாடி மேல் மாடி, நீச்சல் குளம், நாடகக் கொட்டகை, நடுநிசியில் பஜ்ஜி. எனக்கு அதில் பிடித்தது படுக்கைதான். எங்கள் அறையைப் பெருக்கித் துடைக்க வந்த பையன் இந்தோனேசியாக்காரன். தினம் சாயங்காலம் துண்டை மடித்து ஒருநாள் யானை, ஒருநாள் அன்னம் என்று கட்டிலில் வைத்துவிட்டுப் போவான். கடைசி நாள் தன் பர்ஸிலிருந்து ஒரு குழந்தையின் படத்தை எடுத்துக் காட்டி, பிறந்த பிறகு இன்னும் பார்க்கவில்லை என்றான். “ரொம்ப அழகு” என்று சொல்லிவிட்டு, தயிர் சாதம் எந்த மாடியில் கிடைக்கும் என்று அவனிடம் கேட்டேன். டீச்சரின் முழுத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த ஒன்பது நாளில், இந்தத் தயிர் சாதம் இரண்டு மூன்று தடவை என் ஞாபகத்துக்கு வந்தது.

அந்த வருஷம் பிப்ரவரியில் ‘டயமண்ட் பிரின்ஸஸ்’ சமாசாரம் பத்திரிகைகளில் வந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். யோகஹாமா துறைமுகத்தில் 3,711 பேரோடு அந்த உல்லாசக் கப்பலை நிறுத்தி வைத்தார்கள். எழுநூறு பேருக்கு மேல் தொற்று. கப்பல் நாகசாகியில் கட்டியது, கொடி பிரிட்டனுடையது, நடத்துகிற கம்பெனி அமெரிக்காவினுடையது, நின்ற கடல் ஜப்பானுடையது. யார் பொறுப்பு என்று நான்கு பக்கமும் விவாதம் நடந்தது. பிரயாணிகளை அறையை விட்டு வெளியே வராதே என்று உத்தரவு போட்டார்கள். அறை அறையாகச் சாப்பாடு கொண்டு போய்க் கொடுத்தது யார்? சிப்பந்திகள். அவர்களுக்குத் தனி அறை கிடையாது. சேர்ந்து தூங்கினார்கள், சேர்ந்து சாப்பிட்டார்கள். அவர்களில் 132 பேர் நம் தேசத்தவர்கள். பிறகு உலகம் முழுவதும் உல்லாசக் கப்பல்கள் நின்றுவிட்டன. பிரயாணிகள் வீட்டுக்குப் போனார்கள். சிப்பந்திகளோடு கப்பல்கள் மணிலா விரிகுடாவில் வரிசையாக நங்கூரம் பாய்ச்சிக் காத்திருந்தன.

மனுவை எழுதினேன். என் இங்கிலீஷ் பழைய தாலுகா ஆபீஸ் இங்கிலீஷ். ‘மிகவும் பணிவுடன் பிரார்த்திக்கிறேன்’ என்ற ரகம். டீச்சர் அதைத் திருத்தினார். பிரார்த்தனையை எடுத்துவிட்டுக் கணக்கைப் போடச் சொன்னார். ஏறிய தேதி, ஒப்பந்தம் முடிந்த தேதி, அதற்கு மேல் ஆன நாட்கள். ஒரு மாலுமியைப் பன்னிரண்டு மாதம் முடியுமுன் ஊருக்கு அனுப்பியாக வேண்டும் என்று 2006-ஆம் வருஷத்துச் சர்வதேச உடன்படிக்கை சொல்கிறது என்பதைப் பையன் சொல்லியிருந்தான். அதற்கு இன்னும் எத்தனை நாள் பாக்கி என்பதையும் போட்டார். ஐந்து விலாசத்துக்கு ஐந்து பிரதி. பதில் வந்தது இரண்டு இடத்திலிருந்து. பம்பாய்க்காரர்கள், சைப்ரஸுக்கு எழுதியிருப்பதாகத் தெரிவித்தார்கள். இன்னொரு இடத்திலிருந்து இயந்திரம் எழுதிய பதில்: தங்கள் செய்தி கிடைத்தது, தாங்கள் எங்களுக்கு முக்கியமானவர்.

“யாரும் இல்லைன்னா கப்பலுக்கே எழுதுவோம் ஸார்” என்றார் டீச்சர். “கப்பல் ஒண்ணுதானே நிஜமா இருக்கு?”

அப்படியே ஆறாவது பிரதியைக் காப்டனுக்கு அனுப்பினோம். காப்டன் பல்கேரியாக்காரர். பிறகுதான் தெரிந்தது, அவருக்கும் ஒப்பந்தம் முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அவர் அந்த மனுவைப் படித்து, ‘என் மகன்’ என்று இருந்த இடத்தில் ‘என் கப்பலின் ஆட்கள்’ என்று மாற்றி, கெடு தாண்டிய பதினேழு பேரின் தேதிகளையும் டீச்சர் போட்ட மாதிரியே அட்டவணையாகப் போட்டு, கையெழுத்திட்டு மேலே அனுப்பினார். அதற்கும் பதில் வந்ததாகத் தெரியவில்லை.

செப்டம்பரில் டீச்சரின் கணவர் காலமானார். அடக்கத்துக்கு எத்தனை பேர் வரலாம் என்றுகூடச் சர்க்கார் கணக்கு வைத்திருந்த காலம். டெலிபோனை நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். கப்பல் அப்போது செங்கடலில் எங்கோ போய்க்கொண்டிருந்தது. பையனின் முகம் அடிக்கடி உறைந்து நின்றுவிடும். பிறகு திடீரென்று அசையும். பாதிரியார் ஜெபத்தை முடிப்பதற்கு முன்பே சிக்னல் போய்விட்டது. அந்தச் சமாசாரத்தைப் பையனிடம் நான் இதுவரை சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

டிசம்பர் மாதம், கேரளத்தில் விழிஞ்சத்துக்கு வெளியே, நடுக்கடலில் ஒரு படகில் இறக்கிவிட்டார்கள். பதினான்கு மாதம். ஐக்கிய நாடுகளின் கடல்சார் அமைப்பு அந்த வருஷக் கடைசியில் சொன்ன கணக்கின்படி, அவனைப் போல் கெடு தாண்டியும் கப்பலில் கிடந்தவர்கள் சுமார் 4 லட்சம் பேர். வீட்டுக்கு வந்த பையனுக்கு ஒரு வாரம் தூக்கம் வரவில்லை. இன்ஜின் சத்தம் இல்லாமல் காது வலிக்கிறது என்றான். டீச்சர் பழைய மாவரைக்கும் கிரைண்டரை ராத்திரியில் வெறுமனே ஓடவிட்டார். கீழ் வீட்டில் நாங்கள் தூங்கவில்லை. அதைப் பற்றி ஒன்றும் சொல்லவும் இல்லை.

அடுத்த மார்ச்சில் ‘எவர் கிவன்’ சூயஸ் கால்வாயில் குறுக்கே மாட்டிக்கொண்டது. நானூறு மீட்டர் நீளம். 18,000-க்கு மேற்பட்ட பெட்டிகள். அதன் மூக்கடியில் மண்ணைத் தோண்டிய அந்தச் சின்ன இயந்திரத்தைப் பார்த்து உலகமே சிரித்தது. நானும் சிரித்தேன். பக்கவாட்டில் ‘எவர்கிரீன்’ என்று எழுதியிருந்ததால் கப்பலின் பெயரே அதுதான் என்று பலர் நினைத்தார்கள். இப்போது எனக்கு விவரம் தெரியும் அல்லவா? எவர்கிரீன் தைவான்காரர்கள், வாடகைக்கு எடுத்தவர்கள். உடையவர் ஜப்பானின் ஷோயெய் கிஸென். கொடி பனாமா. நடத்துகிறவர்கள் ஒரு ஜெர்மன் கம்பெனி. டீச்சர் டெலிவிஷன் முன்னால் நின்றுகொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “உள்ளே எத்தனை பேரு?” இருபத்தைந்து பேர், அத்தனை பேரும் இந்தியர்கள். மார்ச் 29-ஆம் தேதி கப்பல் விடுபட்டதும் உலகம் வேறு வேடிக்கைக்குப் போய்விட்டது. கால்வாய் நிர்வாகம் நஷ்டஈடு கேட்டுக் கப்பலைப் பெரிய கசப்பு ஏரியில் நிறுத்தி வைத்தது. முதலில் 91 கோடியே 60 லட்சம் டாலர் கேட்டார்கள். பேரம் முடிந்து கப்பல் புறப்பட்டது ஜூலை 7-ஆம் தேதி. அதுவரை டீச்சர் வீட்டுக் காலண்டரில் தினம் ஒரு கோடு விழுந்துகொண்டிருந்தது.

பிறகு 2025 மே மாதம். பையன் இறங்கிய அதே விழிஞ்சத்தில் இப்போது பெரிய பெட்டித் துறைமுகம். அங்கிருந்து கொச்சிக்குப் புறப்பட்ட ‘எம்.எஸ்.ஸி. எல்ஸா 3’ 640 பெட்டிகளோடு 25-ஆம் தேதி மூழ்கியது. கப்பலில் இருந்த 24 பேரும் பிழைத்தார்கள். கொடி லைபீரியா. இந்தத் தடவை உடையவருக்கு ஒரு முகம் உண்டு என்று நினைத்தேன். எம்.எஸ்.ஸி. என்பது அப்போன்டே என்ற இத்தாலியக் காப்டன் 1970-ல் ஒரே ஒரு பழைய கப்பலை வாங்கி ஆரம்பித்த குடும்பக் கம்பெனி. 2022 முதல் பெட்டிக் கப்பல்களில் உலகத்திலேயே பெரியது. உல்லாசக் கப்பல்களும் அவர்களுக்கு உண்டு. தலைமை ஆபீஸ் ஜெனீவாவில். அங்கே ஏரிதான் இருக்கிறது. கேரள சர்க்கார் 9,531 கோடி ரூபாய் கேட்டு ஹைகோர்ட்டுக்குப் போனது. ஜெனீவாவுக்கு ஆள் அனுப்பவில்லை. ஜூலையில் விழிஞ்சத்துக்கு வந்த ‘எம்.எஸ்.ஸி. அகிடெட்டா 2’ என்ற வேறொரு கப்பலைப் பிடித்து வைக்க உத்தரவு வாங்கினார்கள். கடல் சட்டத்தில் அது பழைய முறையாம். உடையவரைத் தேடி அலைய வேண்டாம். கப்பலையே பிரதிவாதியாக நிறுத்தலாம். ஒரு வக்கீல் நண்பர் இதை எனக்கு அரை மணி நேரம் விளக்கினார். “எங்கள் மாடி வீட்டு டீச்சர் இதை 2020-லேயே சொல்லிவிட்டார்” என்றேன். அவர் நம்பவில்லை.

பையன் இப்போது இரண்டாம் இன்ஜினீயர். போன மாதம் மறுபடி கப்பலேறினான். வேறு கப்பல், வேறு கொடி. புறப்படும் முன், பெயர்களையும் விலாசங்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டுப் போகும்படி டீச்சர் சொல்லியிருந்தார். உடையவர், வாடகைக்காரர், நடத்துகிறவர், கொடி, ஏஜெண்டு, காப்டன். அந்தத் தாளைப் பனிமய மாதா படத்துக்குக் கீழே, காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறார். நேற்று மாடிக்குப் போனபோது பார்த்தேன். மூன்றாவது விலாசத்தைப் பென்சிலால் அடித்துவிட்டு, ஓரத்தில் வேறு ஓர் ஊரின் பெயரை எழுதியிருந்தார்.

“மாறிட்டாங்களாம் ஸார்” என்றார், பென்சிலைச் சீவிக்கொண்டே.